மாரி தொடங்க முன்னர் பள்ளித் தோட்டத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

பத்திரிகை ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் தரம் ஒன்பது, மகள் தரம் நான்கு. இந்தக் கடிதத்தைப் புரட்டாதி முடிய முன்னரே எழுதிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறேன், ஏனென்றால் இன்னும் மூன்று நான்கு கிழமையில் மழை தொடங்கிவிடும், தொடங்கிய பிறகு எழுதினால் இந்த வருடமும் போய்விடும். விசயம் பள்ளிக்கூடத் தோட்டம்.

போன மாசி மாதம் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் தோட்டம் போட்டார்கள். சிரமதானத்துக்குப் பெற்றோரைக் கூப்பிட்டார்கள், நானும் போனேன். ஆம்பிளைகள் மண்வெட்டியோடு வந்து காலை முழுக்கக் கொத்தினார்கள், நாங்கள் எரு சுமந்து போட்டுப் பாத்தி பிடித்தோம், கடையில் வாங்கிய கத்தரி, மிளகாய், தக்காளிக் கன்றுகளை நட்டோம். பாத்தி ஓரமெல்லாம் வெள்ளை பூசிய கல். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு பலகை, அதில் பெயின்றால் அழகாக எழுதிய பெயர். எல்லாம் முடிந்த பிறகுதான் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து காட்டினார்கள். "கன்றுகளை மிதிக்காமல் தள்ளி நில்லுங்கோ" என்று ஒருவர் சத்தம் போட்டார். அடுத்த கிழமை மேலிடத்து ஆட்கள் வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். பங்குனி கடைசியில் கிணற்றில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. சித்திரை விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது தக்காளி பட்டுப்போயிருந்தது. வைகாசியில் சோளகக் காற்று எழும்பியதோடு மிளகாயும் சுருண்டது. ஆனியில் வேலி ஒரு பக்கம் சாய்ந்து, கட்டாக்காலி மாடுகள் உள்ளே வந்து மிச்சத்தை முடித்தன. இன்றைக்குப் போனால் வெள்ளைக் கல்லையும் பலகைகளையும் பார்க்கலாம்.

ஒரு நாள் மகளிடம், "உங்கட தோட்டத்தில என்னம்மா மிச்சம் இருக்கு?" என்று கேட்டேன். "அது எங்கட தோட்டம் இல்லை அம்மா, பள்ளிக்கூடத்தின்ர தோட்டம்" என்றாள். கோபமாகவோ கவலையாகவோ சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பாத்தியில் நானும்தான் எரு சுமந்தேன், பிள்ளைகளை ஏன் கூப்பிடவில்லை என்று அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை. ஆனால் வன்னியில் எத்தனையோ பள்ளிகளில் வருடா வருடம் இதே கதை நடக்கிறது. தோட்டம் போடுகிறோம், படம் எடுக்கிறோம், காய்கிறது. பிறகு "எங்கட இடத்தில தண்ணி இல்லை, சரிவராது" என்று முடித்துவிடுகிறோம். சரிவராமல் போவதற்குத் தண்ணீர் மட்டும் காரணம் இல்லை, நாங்கள் தொடங்கும் மாதமே பிழை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, என் அம்மா சொல்லித்தான் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு வருடம் தையிலோ மாசியிலோ தொடங்குகிறது. மண்ணுக்கு இங்கே வருடம் ஐப்பசியில் தொடங்குகிறது. எங்களுக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் விழுந்துவிடும், அதற்குப் பிறகு சித்திரையில் கொஞ்சம், அவ்வளவுதான். வயலுக்குக் காலபோகம் விதைக்கிறோம், மேட்டுக்காணியில் கச்சான் (நிலக்கடலை), உழுந்து, பயறு, கௌபி போடுகிறோம், எல்லாம் அந்த மழையை நம்பித்தான். ஒரு விவசாயியாவது மாசியில் மேட்டுக்காணியில் புதிதாகத் தொடங்குவானா? குளத்துத் தண்ணீரோ நல்ல கிணறோ உள்ளவன் செய்வான். பள்ளிக்கூடம் மட்டும் புதிய வருடம், புதிய நேரசூசி, புதிய திட்டம் என்று மழை ஓய்ந்த பிறகு தொடங்குகிறது. கன்று வேர் பிடித்து வரும் நேரம் கிணறு வற்றுகிறது, காய் பிடிக்கும் நேரம் சித்திரை விடுமுறை, அதிலும் தப்பினால் ஓகஸ்ட் விடுமுறை. அந்த நாட்களில் இங்கே அடிக்கிற வெயிலுக்கும் காற்றுக்கும் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் எந்தக் கன்று நிற்கும்?

அப்படியே மாற்றி யோசித்துப் பாருங்கள். ஐப்பசியில் முதல் மழைக்கு விதைத்தால் மார்கழி விடுமுறை வரும்போது வானமே தண்ணீர் ஊற்றும். வருடத்தில் உள்ள விடுமுறைகளில் தோட்டத்தை விட்டுவிட்டுப் போகக்கூடிய விடுமுறை அது ஒன்றுதான், மாட்டுக்கு வேலி மட்டும் இறுக்கமாக இருந்தால் போதும். பிள்ளைகள் திரும்பி வரும்போது கச்சான் பிடுங்கும் பருவம். அப்படித் தொடங்கினால் அதே பிள்ளைகள் தரம் நான்கில் விதைத்து தரம் ஐந்தில் அறுவடை செய்வார்கள். வகுப்பு மாறினாலும் பாத்தி மாறாது. வருடக் கடைசியில் பரீட்சை இருக்கிறதே என்று ரீச்சர்மார் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் விதைக்க இரண்டு நாள் போதும், களை பிடுங்க அதற்குப் பிறகு கிழமையில் ஒரு பாடவேளை. அடை மழையில் தண்ணீர் தேங்காமல் பாத்தியை உயர்த்திப் பிடித்து வாய்க்கால் வெட்டிவிட்டால் போதும். தக்காளியையும் மிளகாயையும் மாரி நடுவில் வைத்து அழுகவிடாமல், நாற்றுமேடையில் வளர்த்து மழை குறைய நடலாம். மழையைத் தாங்குகிற பயிற்றை, வெண்டி, பூசணி, மரவள்ளி, கச்சான் என்று எவ்வளவு இருக்கிறது.

இனி, எங்கள் முன்பள்ளிக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன வருடம் மாரிக்கு நாங்கள் கச்சான் போட்டோம். பதினெட்டுப் பிள்ளைகள், மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை. கட்டட ஓரமாக இருந்த நிலத்தைப் பிள்ளைக்கு ஒரு முழம் என்று தேங்காய்ப் பொச்சு வைத்துப் பிரித்தோம். ஐஸ்கிறீம் தடியில் பெயர் எழுதிக் குத்தினோம், எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் படம், ஒரு பிள்ளைக்குக் கோழி, ஒரு பிள்ளைக்குக் குடை. ஆளுக்கு ஐந்து விதை. எங்கள் பிள்ளைகளில் பலர் கச்சானை முறிகண்டியில் பஸ் நிற்கும்போது சரையில் வாங்கித்தான் கண்டிருக்கிறார்கள், ஒரு பிள்ளை அது மரத்தில் காய்க்கும் என்று சண்டை பிடித்தது. கச்சானுக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு!

ஒரு பொடியன், நாலு வயது, விதைத்த அடுத்த நாளே மண்ணைத் தோண்டி விதையைப் பார்த்தான். அதற்கு அடுத்த நாளும். நாலாம் நாள் விதை அழுகிவிட்டது. அவனுடைய முழத்தில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை, மற்றப் பிள்ளைகளின் முளைகளைப் பார்த்துவிட்டு ஒரு மூலையில் போய் இருந்தான். நான் அவனைப் பேசவில்லை, திரும்ப ஐந்து விதை கொடுத்தேன். இரண்டாம் தடவை அவன் செய்ததை எப்படி மறப்பேன்! காலையில் வந்து பாத்திக்கு முன்னால் குந்தி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். ஏழு நாள். பொறுமை என்ற சொல்லை எத்தனை கதை சொல்லி நான் அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தியிருக்க முடியும்?

கச்சானை ஏன் பிள்ளைகளுக்குப் போட வேண்டும் என்று கேட்டால் இதற்காகத்தான் என்று சொல்வேன். நாலைந்து கிழமையில் மஞ்சள் பூ வரும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி போல ஒன்று நீண்டு, கீழே வளைந்து, மண்ணுக்குள் இறங்கும். அந்த ஊசியின் நுனிதான் மண்ணுக்குள் போய்க் காயாகிறது. பூ மேலே, காய் கீழே. இதைக் கண்டுபிடித்தது ஒரு பெண்பிள்ளை. "ரீச்சர், பூவை மண் இழுக்குது" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள், மற்றப் பிள்ளைகளெல்லாம் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். நான் வளர்ந்த வீட்டில் வருடா வருடம் கச்சான் போட்டோம், பிடுங்கினோம், காய வைத்தோம், ஆனால் அந்த ஊசியை நான் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

தை கடைசியில் பிடுங்கினோம். பத்துக்கு மேல் எண்ணத் தெரியாத பிள்ளைகள் தங்கள் செடியில் எத்தனை காய் என்று எண்ணுவதற்காகவே பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று கேட்டுக் கேட்டுப் படித்தார்கள். ஒரு விதை போட்டால் ஏன் இவ்வளவு வருகிறது என்று கேட்டார்கள். அவித்துச் சாப்பிட்டோம். ஐந்து நல்ல காயை ஒவ்வொருவரும் எடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னேன், அடுத்த வருடம் வரும் தம்பி தங்கைக்கு. ஒரு பிள்ளை அழுதது, தரமாட்டேன் என்றது, பிறகு தானாகக் கொண்டுவந்து தந்தது. அந்தக் காய்கள் இப்போது ஒரு போத்தலில் என் அலுமாரியில் இருக்கின்றன.

முன்பள்ளிப் பயிற்சியில் எங்களுக்குப் புரோபல் பற்றிப் படிப்பித்தார்கள். 1837இல் ஜெர்மனியில் பிளாங்கன்பேர்க் என்ற ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு இடம் தொடங்கி, பிறகு அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்தவர். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே பிள்ளைகளின் தோட்டம். பிள்ளைகள் கன்று போல வளர வேண்டும் என்ற கருத்தும் அதில் இருக்கிறது, ஆனால் அவர் உண்மையாகவே மண்ணில் தோட்டம் போட்டவர், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னப் பாத்தி, அதோடு எல்லாருக்கும் பொதுவான பாத்தி. தன்னுடையதையும் பார்க்க வேண்டும், எல்லோருடையதையும் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. பயிற்சியில் இதைக் குறிப்பெழுதிப் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி எடுத்தேன், செய்து பார்க்க எனக்குப் பல வருடம் எடுத்தது.

பெரிய வகுப்புக்கு இதைவிட எவ்வளவோ இருக்கிறது. மகள் விதையின் படம் கீறி, முளைவேர், வித்திலை என்று பெயர் குறித்துப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். வித்திலையைக் கண்டிருக்கிறாயா என்று கேட்டேன், இல்லை என்றாள். நாலு கௌபியை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தேன், இரண்டாம் நாள் பிளந்து பார்த்துவிட்டுப் புத்தகத்தில் உள்ள படம் வடிவில்லை என்று சொன்னாள். அதே கௌபியில் ஒரு செடியைப் பூக்கிற நேரத்தில் வேரோடு பிடுங்கினால் வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருக்கும், நகத்தால் கிள்ளினால் நல்ல முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதற்குள் இருக்கும் பக்றீரியா காற்றில் உள்ள நைதரசனை எடுத்துச் செடிக்குக் கொடுக்கிறது, அதனால்தான் அவரை இனத்துக்குப் பிறகு போடும் பயிர் நன்றாக வருகிறது. எங்கள் அப்பாமார் காரணம் தெரியாமலே இதைச் செய்தார்கள். பிள்ளைகள் காரணத்தைப் புத்தகத்தில் படிக்கிறார்கள், வேரைப் பார்ப்பதில்லை.

மகன் ஒரு நாள் கூட்டாளிகளோடு எங்கள் வளவில் மிளகாய் நட வந்தான். கன்றுக்குக் கன்று 45 சென்ரிமீற்றர், பாத்தி ஆறு மீற்றர். எத்தனை கன்று தேவை? ஒருவன் 13 என்றான், ஒருவன் 14 என்றான், அரை மணித்தியாலம் சண்டை. பாத்தி விளிம்பிலேயே முதல் கன்றை வைப்பதா, விளிம்பில் இடைவெளி விடுவதா என்பதில் விடை மாறுகிறது என்று கடைசியில் அவர்களே தடி குத்திப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். கணிதம் தனக்கு ஓடாது என்று சொல்கிற பொடியன்தான் 14 என்றவன். மழையை அளக்கலாம், அடியும் வாயும் ஒரே அளவான பால்மாப் பேணி ஒன்றை வெளியில் வைத்து ஒவ்வொரு காலையும் அடிமட்டத்தால் எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்துச் சுவரில் வரைபு கீறலாம். ஐந்து சதம் செலவில்லை.

சரி, இனி மனதில் கிடக்கிற இரண்டு விசயத்தைச் சொல்கிறேன்.

முதலாவது தண்டனை. நான் படித்த காலத்தில் பள்ளிக்குப் பிந்தி வந்தால் புல்லுப் பிடுங்க வேண்டும். வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் பூங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இன்றைக்கும் பல இடத்தில் அதுதான். படிக்கிற பிள்ளை வகுப்புக்குள் இருக்கும், படிக்காத பிள்ளை வெயிலுக்குள் மண்வெட்டியோடு நிற்கும். இதைப் பார்த்து வளரும் பிள்ளை என்ன நினைக்கும்? அப்பா தினமும் செய்கிற வேலை, பள்ளியில் குற்றம் செய்தவனுக்குக் கொடுக்கிற வேலை. அந்தப் பிள்ளை அப்பாவை எப்படிப் பார்க்கும்? தயவுசெய்து இதை நிறுத்துங்கள். தோட்ட வேலையைத் தண்டனையாகக் கொடுக்கக்கூடாது என்று ஒவ்வொரு அதிபரும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை.

இரண்டாவது, வேறு இடத்துக்காரருக்கு விளங்குமோ தெரியாது. போரில் இடம்பெயர்ந்து நாங்கள் 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தோம். எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சி, குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் கீரை போட்டிருந்தா. விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஓடி வரும்போது சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்ததாம். நகையையும் காணி உறுதியையும் கொண்டு ஓடினோம் நாங்கள், அவ கீரை விதையும் கொண்டு ஓடியிருக்கிறா. பிறகு ஊருக்குத் திரும்பி வந்தபோது எங்கள் காணிகளின் ஓரத்தில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. மிதிவெடி. பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுத்தது, மண்ணைத் தோண்டாதே, தெரியாத எதையும் தொடாதே, பாதையை விட்டு இறங்காதே. சொல்லித்தான் ஆக வேண்டும், உயிர்தானே. கண்ணிவெடி அகற்றுபவர்கள் ஒரு அடி ஒரு அடியாகத் தேடி எடுத்துத் தந்த மண்ணில்தான் இன்றைக்கு நடக்கிறோம், அவர்களுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மண்ணைப் பயத்தோடு பழகினார்கள். அந்தப் பிள்ளைகள்தான் இன்று இளம் தாய் தகப்பன். என் முன்பள்ளியில் ஒரு தாய், மகன் மண்ணில் கை வைத்தால் இன்றைக்கும் பதறிப்போய் இழுப்பா. துப்புரவாக்கி உறுதிப்படுத்திய பள்ளி வளவில், ரீச்சர் பக்கத்தில் நிற்க, அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் மண்ணை அள்ளுவதை அவ பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். பார்த்தா. ஒன்றும் பேசவில்லை, அடுத்த நாள் வீட்டிலிருந்து ஒரு சின்ன வாளி கொண்டுவந்து தந்தா.

பெற்றோர் சொல்வதையும் நான் மறைக்கவில்லை. "மண் கிண்டவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புறம்? அது வீட்டிலயே செய்யலாம், பிள்ளை படிச்சு உத்தியோகத்துக்குப் போகட்டும்." தரம் நான்கு, ஐந்து என்றால் புலமைப்பரிசில் பரீட்சை, வேறு ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. அவர்களில் நானும் ஒருத்தி, மகளை மாலை வகுப்புக்கு அனுப்புகிறேன். ஆனால் அந்தப் பரீட்சைக்கு வரும் சுற்றாடல் பாடத்தில் பாதி தோட்டத்தில் இருக்கிறது. பிள்ளையை விவசாயி ஆக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. டொக்டராக வரட்டும், எஞ்சினியராக வரட்டும், பயிரும் பூச்சியும் மழையும் தெரிந்த டொக்டராக இந்த ஊருக்குத் திரும்பி வந்தால் யாருக்கு நட்டம்? வீட்டில் செய்யலாமே என்றால், எத்தனை வீட்டில் பிள்ளையைத் தோட்டத்துக்குள் விடுகிறோம்? மருந்தடித்த மிளகாய்த் தோட்டத்துக்குள் விடவும் முடியாதே.

அவசரம் வந்தால் மட்டும் நாட்டுக்குத் தோட்டம் நினைவுக்கு வருகிறது. 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளைக்குத் தடை என்று அறிவித்தார்கள், எல்லோரும் கூட்டெரு செய்யுங்கள் என்றார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள். கூட்டெரு உக்குவதற்கே இரண்டு மூன்று மாதம் தேவை, செய்யத் தெரிந்த ஆட்கள் ஊருக்கு எத்தனை பேர் இருந்தோம்? 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றபோது வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்றார்கள், அரச உத்தியோகத்தருக்கு அதற்காக வெள்ளிக்கிழமை லீவு கூடக் கொடுத்தார்கள். எத்தனை பேர் ஹைபிரிட் விதைப் பைக்கற்றில் வந்த காயிலிருந்து விதை எடுத்துப் போட்டு, இரண்டாம் முறை ஒன்றுக்கொன்று ஒவ்வாத காய் வந்தது என்று ஏமாந்தார்கள். அந்த விதை அப்படித்தான், தாய் போலப் பிள்ளை வராது. இதைப் பத்து வயதில் பள்ளித் தோட்டத்தில் கண்டிருந்தால் நாற்பது வயதில் ஏமாந்திருக்க மாட்டோம். என் அம்மா நாட்டுக் கத்தரி விதையைக் கழுவி, நிழலில் காய வைத்து, சாம்பல் பிரட்டிப் போத்தலில் போட்டு வைப்பா. ஊரில் அவவைப் போல இன்னும் எத்தனையோ அம்மம்மாமார் இருக்கிறார்கள், அவர்களை மாதம் ஒரு நாள் பள்ளிக்குக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு கதிரை போட்டு இருத்துங்கள். சம்பளம் கேட்க மாட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சாப்பாடு கொடுக்கிறார்கள், நல்ல விசயம். கீரை போட்ட நாளில் கீரை ஒதுங்கிக் கிடக்கும் என்று சமைக்கிற அம்மாமார் கவலைப்படுகிறார்கள். எங்கள் முன்பள்ளியில் பிள்ளைகள் தாங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்த கீரையைப் போட்டி போட்டுச் சாப்பிட்டதைக் கண்ணால் கண்டேன். வீட்டில் அம்மா வைத்த கீரையை அதே பிள்ளைகள் தொடுவதில்லையாம், அது வேறு கதை. பள்ளி வேலியோரம் நாலு முருங்கை, இரண்டு அகத்தி, கை கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் பொன்னாங்காணி, வல்லாரை. அந்தத் தண்ணீர் கோடையிலும் ஓடும், பிள்ளைகள் கை கழுவுகிறார்களே.

செய்ய முடியாது என்பவர்களுக்கு, செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மாட்டுக்கு வேலிதான் முதல் வேலை. முள்ளுக்கம்பிக்குக் காசு தேட வேண்டியதில்லை, மாரியில் கிளிசிரிடியா, கிளுவை, பூவரசுக் கதியால் நட்டால் பிடித்துவிடும், பிள்ளைகளே நடலாம், இலை வெட்டிப் பசளைக்கும் போடலாம். மயில் வந்து எங்கள் கச்சான் விதையைக் கிளறியது, முல்லைத்தீவுக் கடற்கரையில் கழித்துப் போட்ட பழைய மீன்வலை வாங்கி வந்து விரித்தோம், நின்றுவிட்டது. யானை வரும் ஊர் என்றால் வாழையும் கரும்பும் வைக்கவே வேண்டாம், அது பள்ளிக்கே ஆபத்து, மிளகாய், தேசி என்று அது விரும்பாததை வையுங்கள். குரங்குக்கு எனக்கும் வழி தெரியவில்லை, தெரிந்தவர்கள் இந்தப் பத்திரிகைக்கே எழுதினால் நல்லது. கோடைக்குப் பெரிய தோட்டம் வேண்டாம், நிழல் உள்ள இடத்தில் இரண்டு பாத்தி போதும், தண்ணீர்ப் போத்தல் மூடியில் ஊசித் துளை போட்டுச் செடியடியில் கவிழ்த்துக் குத்தினால் சொட்டுச் சொட்டாக ஒரு நாள் தாங்கும். ஓகஸ்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றலாம், காய்க்கிறதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

ரீச்சர்மாருக்கு இருக்கிற வேலைப் பளு எனக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் தலையில் மட்டும் இதைக் கட்டக்கூடாது என்கிறேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இரண்டு பெற்றோர் பொறுப்பெடுக்கலாம். விவசாயப் போதனாசிரியர் மாதம் ஒரு தரம் வந்து பார்க்கலாம். வலயக் கல்வி அலுவலகங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தோட்டத்துக்கு நேரசூசியில் கிழமைக்கு ஒரு பாடவேளை கொடுங்கள், அதைப் பாடம் முடிந்த பிறகு, மழை இல்லாவிட்டால், நேரம் இருந்தால் என்று விடாதீர்கள். பார்க்க வருகிறவர்கள் பாத்தி நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, உன்னுடைய செடி எது, அதற்கு இந்தக் கிழமை என்ன நடந்தது என்று கேளுங்கள். பாத்தி கோணலாக இருக்கட்டும், வெண்டிக்குப் பக்கத்தில் பூசணி படரட்டும், நாலு செடி சாகட்டும். எதனால் செத்தது என்று அந்தப் பிள்ளை சொன்னால் அந்தத் தோட்டத்துக்கு முழுப் புள்ளி.

மகளின் வகுப்பு ரீச்சரோடு போன கிழமை பேசினேன். அவவும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாவாம். அந்தக் காய்ந்த தோட்டத்தில் ஒரு மூலையைத் தரம் நான்குக்குத் தருவதாக அதிபர் சொல்லியிருக்கிறார். முப்பத்தொரு பிள்ளைகள். வெள்ளைக் கல்லை எடுத்துவிட்டுப் பிள்ளைகளே அளந்து பிரிக்கப் போகிறார்கள். மகள் இப்போதே என் அம்மாவிடம் கத்தரி விதைக்குச் சொல்லி வைத்துவிட்டாள், தன் பாத்திக்கு எந்தப் பக்கம் நல்லது என்று தினமும் கேட்கிறாள்.

எங்கள் வளவில் மரவள்ளி நிறைய நிற்கிறது, இந்த மழைக்கு முதல் வெட்டப் போகிறோம். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளிக்காவது நடுவதற்குத் தடி தேவையென்றால் ஒட்டுசுட்டானில் எங்கள் முன்பள்ளியை விசாரித்து வாருங்கள், கட்டித் தருகிறோம். கச்சான் விதையும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அந்தப் போத்தலில் உள்ளது மட்டும் எங்கள் புதுப் பிள்ளைகளுக்கு.

இப்படிக்கு,
ஒரு முன்பள்ளி ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.